ஸ்க்ரூ ஒன்று குறைகிறது

நான் ரயில் ஓட்டுகிறவன். வண்டியில் ஏறிவிட்டால் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் விதி. அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை என் வீட்டில் நடந்த எதையும் என்னால் தடுக்க முடியவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், நல்லவேளை முடியவில்லை.

நடந்ததை நான் நேரில் பார்க்கவும் இல்லை. என் மனைவியும் என் தங்கையும் சொல்லித்தான் தெரியும். தனித்தனியாகச் சொன்னார்கள், சேர்ந்தும் சொன்னார்கள். ஒருத்தி சிரிப்பு தாங்காமல் நிறுத்துவாள், இன்னொருத்தி அங்கிருந்து எடுத்துக்கொள்வாள், நாலு வாக்கியத்தில் அவளும் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். முழுக் கதையும் என்னிடம் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று.

என் மனைவி அறைகளை வடிவமைக்கிறவள். ஜன்னல் எங்கே, அலமாரி எங்கே, காலை வெயில் எந்தச் சுவரில் விழும் என்பதையெல்லாம் கணினியில் வரைந்து, கட்டுவதற்கு முன்பே அந்த அறைக்குள் நடந்து பார்ப்பதுபோலப் படம் செய்துகாட்டுவாள். அப்போது அவள் கையில் இருந்தது ஊர் நூலகத்தின் குழந்தைகள் வாசிப்பு அறை. இதுவரை அவள் செய்ததெல்லாம் யாரோ ஒருவருடைய சமையலறை, யாரோ ஒருவருடைய படுக்கையறை. முன்பின் தெரியாத நூறு பேர் வந்து உட்காரப்போகும் அறை இதுதான் முதல். புதன்கிழமை காலை பத்து மணிக்கு நூலகக் குழு அதைப் பார்க்க வேண்டும்.

அதற்காகவே கணினிக்குப் புதிதாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கினாள். மாட்டியவன் நான். பதினோரு வருஷத்துக்கு முன் அந்தக் கணினியையே பாகம் பாகமாக வாங்கி வந்து கூட்டியவனும் நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம். கார்டு அழகாக உட்கார்ந்தது, திரை பளிச்சென்று வந்தது, நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போனேன். ஆனால் அவள் படத்தைக் கடைசியாகச் செய்து முடிக்கச் சொல்லும்போதெல்லாம், அறுபத்தொரு சதவீதம் வரை போய், கணினி பட்டென்று அணைந்துவிடும். திரும்பப் போட்டால் மறுபடியும் அறுபத்தொன்று, பட். நான் அதைத் தட்டிப் பார்த்தேன், தூசி துடைத்துப் பார்த்தேன், கடைசியில் ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பார்க்கலாம் என்றேன். ஞாயிறு, புதனுக்கு அப்புறம்தான் வரும் என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் உறைக்கவில்லை.

தங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஆஸ்பத்திரியில் எல்லோரும் கூப்பிடுகிற பெயரே வீட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டதில், என் மனைவியும் அவளைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். தங்கைக்கு என் மனைவி அண்ணி. இருவருக்கும் ஒரே வயது. பதினாலு வருஷமாக ஒருவரை ஒருவர் வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க என்று பன்மையிலேயே நடத்திக்கொண்டிருந்தார்கள். சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போடும் அளவுக்குப் பழக்கமே இல்லை என்பதுதான் உண்மை. நான் நடுவில் உட்கார்ந்திருந்தால் பேச்சு நடக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து போனால் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்ப்பார்கள். தங்கையின் வீட்டில் குளியலறைக் குழாய்களை மாற்றிக்கொண்டிருந்ததால் அந்த இரண்டு வாரமும் அவள் எங்களோடு இருந்தாள். செவ்வாய் அவளுக்கு விடுமுறை.

காலையில் நான் கிளம்பிய பிறகு, கணினி ஐந்தாவது முறையாக அறுபத்தொன்றில் அணைந்திருக்கிறது. என் மனைவி கத்தவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டாள். தேநீர் கொண்டுவந்த தங்கை அதைப் பார்த்தாள். ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்களாம். என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு நாற்காலி இழுத்து உட்கார்ந்து, எப்போதிலிருந்து, எத்தனை தடவை, அணைகிறதுக்கு முன் ஏதாவது சத்தம் வருமா என்று வரிசையாக விசாரித்தாள். பிறகு இருவரும் கணினிக் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். பவர் சப்ளை பழசு, நானூறு வாட். சும்மா இருக்கும்போது தாங்கும். படம் செய்கிற வேலை உச்சத்துக்குப் போகும்போது புது கார்டு கேட்கிற மின்சாரத்தை அதனால் கொடுக்க முடியாது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். எழுநூற்றைம்பது வாட் ஒன்று போட்டால் தீர்ந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து மாட்டிக்கொடுக்க அவருக்கு வியாழக்கிழமைதான் ஒழியும்.

"வியாழக்கிழமை வேண்டாம். எப்படி மாட்டறதுன்னு சொல்லுங்க, நாங்களே பாத்துக்கறோம்" என்றாள் என் தங்கை.

என் மனைவி திரும்பி அவளைப் பார்த்தாளாம். கடைக்காரரும் பார்த்தாராம். பிறகு அவர் மூன்று எச்சரிக்கை சொன்னார். முதலில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்க வேண்டும். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது, பிளக் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய வயர்களைப் புதியதில் மாட்டக் கூடாது. தங்கை மூன்றையும் டாக்டர் உத்தரவுபோல எழுதிக்கொண்டு, எழுதியதை அவருக்கே ஒருமுறை படித்துக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கணினியைத் தொடவே தயங்கினாள். மிக்ஸியின் ஜாரை மாற்றவே பிளக்கைப் பிடுங்குகிறவள் அவள். தங்கை வேலையை ஆரம்பித்தாள். ஜன்னலோர மேசையைச் சுத்தமாகத் துடைத்தாள். திரையையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் பக்கத்து நாற்காலிக்கு மாற்றினாள். கணினிப் பெட்டியை மேசைமேல் படுக்கவைத்தாள். சமையலறையிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்று வந்தது. வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றப்பட்டன. முழங்கை வரை கழுவ வைத்து, துடைக்கத் துண்டும் கொடுத்தாள். அந்தத் துண்டை அவள் இரண்டு விரலால் நீட்டிய விதத்தில்தான் என் மனைவிக்கு முதல் சிரிப்பு வந்ததாம். அடக்கிக்கொண்டாள், மரியாதைக்கு.

"நீங்கதான் செய்யணும் அண்ணி. நான் எடுத்துக் குடுக்கறவ. இருபத்திரண்டு வருஷமா அதுதான் என் வேலை" என்றாள் தங்கை.

பிறகு கணக்கெடுப்பு. தியேட்டரில் வயிற்றைத் திறப்பதற்கு முன் பஞ்சு, ஊசி, கத்தி எல்லாவற்றையும் எண்ணி எழுதுவார்கள். மூடுவதற்கு முன் மறுபடியும் எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் தைக்க விடமாட்டார்கள். புது பவர் சப்ளை வந்த அட்டைப்பெட்டியின் மூடியில் தங்கை மார்க்கரால் எழுதினாள். பக்கத் தகடு, ஸ்க்ரூ இரண்டு. பின்பக்கம், ஸ்க்ரூ மூன்று.

பின்பக்கத்தில் ஓட்டை நாலு இருந்தது. ஸ்க்ரூ மூன்றுதான் இருந்தது. தங்கை ஓட்டையைப் பார்த்தாள், என் மனைவியைப் பார்த்தாள். "இதைக் கூட்டினது அண்ணன்தானே?" என்றாள். ஆமாம் என்றதும், மூடியில் அதற்கு எதிரே ஒரு சின்ன நட்சத்திரக் குறி போட்டாள்.

ஆபரேஷன் தொடங்கியது. என் மனைவி கையை நீட்டி "ஸ்க்ரூடிரைவர்" என்பாள், உள்ளங்கையில் டப்பென்று வந்து விழும். "டார்ச்" என்பாள், வெளிச்சம் வரும். மூக்கு அரிக்கிறது என்றாள், துண்டால் மூக்கு ஒற்றப்பட்டது. ஒவ்வொரு வயரையும் கழற்றுவதற்கு முன் தங்கை படம் எடுத்து, சின்னத் துண்டு டேப்பில் எண் எழுதி ஒட்டினாள். மதர்போர்டுக்குப் போகும் தடித்த வயர் வர மறுத்தது. ஓரத்தில் இருக்கும் கொக்கியை அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும் என்பது தெரிய ஐந்து நிமிஷம் ஆனது. அது கையோடு வந்தபோது என் மனைவி நுனி உடைந்துவிட்டதோ என்று டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள்.

பழைய பவர் சப்ளையை இரு கைகளாலும் தூக்கி வெளியே எடுத்தார்கள். பதினோரு வருஷத் தூசி அதன் விசிறியில் பஞ்சுமெத்தை மாதிரி படிந்திருந்தது. தங்கை அதைச் செய்தித்தாளில் வாங்கி, தாயும் சேயும் நலம் என்று அறிவிக்கிற குரலில், "எடை ரெண்டு கிலோ இருக்கும்" என்றாள். அவ்வளவுதான். பதினாலு வருஷ மரியாதை அங்கே உடைந்தது. என் மனைவி சிரித்த சிரிப்பில் மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தங்கை முதலில் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் இருந்தாள். என் மனைவிக்கு மூச்சு வாங்கி ஒரு மாதிரி விசில் சத்தம் வந்ததும் அவளும் சிரித்துவிட்டாள்.

புதியது உள்ளே நுழைந்தது. தடித்த வயர், கார்டுக்குப் போகும் வயர், ஹார்ட் டிஸ்குக்குப் போகும் வயர் எல்லாம் இடத்தில் உட்கார்ந்தன. ஒன்று மட்டும் வம்பு செய்தது. பிராசஸருக்கு மின்சாரம் தரும் எட்டு முள் வயர். அதன் இடம் மேல் மூலையில், விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவில் இருந்தது. என் மனைவியின் கை உள்ளே போகவில்லை. மூன்று முறை முயன்று, விரல் முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். தங்கையின் விரல்கள் மெலிந்தவை.

"சிஸ்டர், நீங்க போடுங்க" என்றாள் என் மனைவி.

"நான் எடுத்துக் குடுக்கறவதான்."

"இன்னைக்கு நான் எடுத்துக் குடுக்கறேன்."

என் மனைவி வயரின் நுனியை அவள் உள்ளங்கையில் வைத்தாள். தங்கை கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவி இடம் கண்டுபிடித்து அழுத்தினாள். டக்கென்று ஒரு சத்தம். கையை வெளியே எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ ஆபரேஷன், ஒரு தடவைகூட அவள் கை உள்ளே போனதில்லை. இதை என்னிடம் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

மூடும் நேரம் வந்தது. எண்ணினார்கள். தட்டில் ஐந்து ஸ்க்ரூ இருக்க வேண்டும். நாலுதான் இருந்தது.

புதியதோடு ஒரு பொட்டலத்தில் நாலு ஸ்க்ரூ வந்திருக்கிறதே, அதைப் போட்டு மூடிவிடலாம் என்றாள் என் மனைவி. மணி பன்னிரண்டாகியிருந்தது. படம் செய்து முடிக்கவே ஐந்து மணி நேரம் வேண்டும்.

"ஸ்க்ரூ இல்லைங்கறது பிரச்சினை இல்ல அண்ணி. அது எங்க இருக்குங்கறதுதான் பிரச்சினை. உள்ள கிடந்து எதையாவது தொட்டுச்சுன்னா எல்லாம் கருகிடும். எண்ணிக்கை சரியா வராம நான் மூட விட மாட்டேன். சீஃப் சர்ஜனையே ஒருக்கா நாப்பது நிமிஷம் நிக்க வெச்சவ நான்" என்றாள் தங்கை.

தேடினார்கள். டார்ச்சோடு இருவரும் மேசைக்கடியில் தவழ்ந்தார்கள். ஜமுக்காளத்தை உதறினார்கள். செருப்பைக் கவிழ்த்தார்கள். ஒருத்தி தலைமுடியை இன்னொருத்தி விரித்துப் பார்த்தாள். சுடிதாரின் மடிப்பு, துண்டின் மடிப்பு, தேநீர்க் கோப்பையின் அடி வரை பார்த்தாயிற்று. கடைசியில் புது வயர்களையெல்லாம் மறுபடி கழற்றாமல், பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கி, மெதுவாகச் சாய்த்துக் குலுக்கினார்கள். உள்ளே எங்கோ உருண்டது. இன்னும் கொஞ்சம் சாய்த்தார்கள். டிங் என்று ஒரு ஸ்க்ரூ மேசையில் விழுந்தது.

என் மனைவி பெருமூச்சு விட்டுத் தட்டில் போட்டாள். ஐந்து. எண்ணிக்கை சரி. தகட்டை எடுக்கப் போனாள்.

"நில்லு" என்றாள் தங்கை.

அவள் அந்த ஸ்க்ரூவை விரல் நுனியில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தலையில் தூசி அப்பியிருந்தது, மரை லேசாகத் துருவேறியிருந்தது. மற்றவை பளபளவென்று இருந்தன.

"இது அந்த ஆளு இல்ல. இது அண்ணனோடது. பதினோரு வருஷமா உள்ளயே கிடந்திருக்கு. எண்ணாமலே மூடியிருக்கான்" என்றாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்துகொண்டு, குற்றவாளியை விசாரிக்க வேண்டும் என்று முடிவு செய்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் வண்டியில் இருந்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு ஜங்ஷனில் இறங்கி, ஓய்வறையில் கைபேசியை உயிர்ப்பித்தபோது, நாற்பத்தொரு விநாடிக் குரல்பதிவு ஒன்று காத்திருந்தது. "என்னங்க, ஒரு சின்ன கேள்வி" என்று என் மனைவி ஆரம்பிக்கிறாள். அப்புறம் கேள்வி இல்லை. இரண்டு பெண்களின் சிரிப்பு மட்டும்தான், நடுவில் தகரத்தில் ஏதோ மோதும் சத்தம். முடிவில் ஒரு குரல், "வெச்சுடு, வெச்சுடு" என்கிறது. இரண்டாவது சிரிப்பு யாருடையது என்றே எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் தடவை கேட்டபோதுதான் என் தங்கை என்று தெரிந்தது. திரும்பக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. என் வண்டியின் கார்டாக வந்தவர் அதை வாங்கிக் கேட்டுவிட்டு, வீட்டில் எல்லோரும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள், நீ சாப்பிடு என்றார்.

அவர்கள் எடுக்காததற்குக் காரணம், அந்த நேரத்தில் இருவரும் நாற்காலிக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கருக்குள் காந்தம் உண்டு என்பது திடீரென்று என் மனைவிக்கு ஞாபகம் வந்திருக்கிறது. இடது ஸ்பீக்கரின் முதுகில், சமர்த்தாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது காணாமல் போன ஸ்க்ரூ. பழைய பவர் சப்ளையை வெளியே எடுத்தபோது தட்டில் கை பட்டு, துள்ளி அங்கே போயிருக்க வேண்டும்.

"அடியே, இதோ இருக்கு பாரு" என்று என் மனைவி தங்கையின் முதுகில் ஓங்கி அடித்தாள். "நீ எடு, நீயே எடு" என்றாள் தங்கை. எப்போது நீங்க போய் நீ வந்தது என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். இருவருக்கும் தெரியவில்லை.

இப்போது ஸ்க்ரூ ஆறு. பின்பக்க ஓட்டை நாலுக்கும் நாலு. எனக்காகப் போட்டிருந்த நட்சத்திரத்தைத் தங்கை வட்டமிட்டு, "நிலுவை தீர்ந்தது" என்று எழுதினாள். அந்த அட்டை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

தகட்டை மூடி, நிமிர்த்தி, பிளக்கைச் செருகி, என் மனைவி பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். விளக்கு இல்லை, விசிறி இல்லை. அவள் முகம் சுண்டிப்போனது. தங்கை அவள் தோளில் கை வைத்து, பதற்றப்படாமல் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்றாள். எட்டு முள் வயரைத் தான் சரியாகப் போடவில்லையோ என்று தங்கைக்கு உள்ளுக்குள் சந்தேகமாம், அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சுவர் ஸ்விட்ச் போட்டிருந்தது. வயர் இறுக்கமாக இருந்தது. பின்பக்கத்தில் பவர் சப்ளைக்கே தனியாக ஒரு குட்டி ஸ்விட்ச், அணைந்த நிலையில் இருந்தது. தங்கை அதை நகத்தால் தள்ளினாள். என் மனைவி பொத்தானைத் தொட்டாள். விசிறி சுற்றிய சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு அமைதி. திரையில் வெளிச்சம் வந்ததும் இருவரும் கைகோத்துக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குள் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். நாற்பத்தைந்து வயதுப் பெண்கள். கீழ்வீட்டு ஆசிரியை மேலே வந்து, ஏதாவது விழுந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நான் நாலரைக்கு வீடு வந்தேன். மணி அடித்தும் கதவு திறக்கவில்லை. என் சாவியால் திறந்து உள்ளே போனால், இருவரும் தரையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "செருப்பை வெளியில விடு" என்றாள் தங்கை. திரையில் ஐம்பத்தொன்பது என்று இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். என் மனைவி உதட்டில் விரல் வைத்தாள்.

நானும் பையோடு கீழே உட்கார்ந்தேன். அறுபது வந்தது. அறுபதிலேயே வெகுநேரம் நின்றது. அறுபத்தொன்று வந்தபோது என் மனைவி என் கையைப் பிடிக்கவில்லை, தங்கையின் கையைப் பிடித்தாள். நான் எந்தப் பொறுப்பும் இல்லாதவன்போல மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று. அப்போதுதான் தங்கை என் பக்கம் திரும்பி, உள்ளங்கையை விரித்து, "இது யாரோடதுன்னு தெரியுதா?" என்று அந்தத் துருவேறிய ஸ்க்ரூவைக் காட்டினாள். எனக்குக் காட்டுவதற்காகவே அதைக் கடைசி ஓட்டையிலிருந்து திரும்பக் கழற்றி வைத்திருந்தார்கள். நான் விழித்த விழியைப் பார்த்து இருவரும் தரையில் சாய்ந்துவிட்டார்கள்.

மறுநாள் நூலகத்துக்கு மூவருமே போனோம். குழுவில் ஐந்து பேர். விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டாள் என் மனைவி. படம் ஒரு ஆறு வயதுக் குழந்தையின் கண் உயரத்தில் நகர்ந்தது. தாழ்வான வாசல், உள்ளே வளைந்து போகும் அலமாரி, ஜன்னலடியில் படுத்துக்கொண்டு படிக்கக் குழிவான இருக்கை, அதன்மேல் ஏறி இறங்கும் வெயில். தலைமை நூலகர் ஐம்பது வயதைத் தாண்டியவர், கண்டிப்பான முகம். அவர் தன்னை அறியாமல் நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, குழந்தை உயரத்துக்கு வந்துவிட்டார். படம் முடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, இன்னொரு தடவை போடச் சொன்னார். இரண்டாம் தடவை முடிந்ததும் மற்ற நாலு பேரையும் பார்த்தார், அவர்கள் தலையாட்டினார்கள். வேலையை அடுத்த மாதமே ஆரம்பிக்கலாம் என்றார். என் மனைவி நன்றி சொல்ல வாயெடுத்தாள். பின் வரிசையிலிருந்து கைதட்டல் கேட்டது. தங்கைதான். நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

வெளியே நல்ல வெயில். பேருந்து வேண்டாம், நடக்கலாம் என்றார்கள். இருவரும் முன்னால் போனார்கள், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால். அந்தக் குழிவான இருக்கையில் பெரியவர்களும் படுக்கலாமா என்று தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரி டியூட்டி முடிந்து வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் அப்படி ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்றாள். நீ அளவு மட்டும் எடுத்துக் கொடு, மற்றதை நான் வரைகிறேன் என்றாள் என் மனைவி. பேசிக்கொண்டே தபால் நிலையத்தைத் தாண்டி, வீட்டுக்குப் போக வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இருவரும் இடப்பக்கம் திரும்பினார்கள். அந்தத் தெரு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. தப்பான பாதையில் போகக் கூடாது என்பதையே தொழிலாக வைத்திருக்கிறவன் நான். ஆனாலும் வாயைத் திறக்காமல் அவர்கள் பின்னாலேயே போனேன்.